முதல் ஃபிரெட்டின் உயரம்

கிட்டாரைத் துடைக்கப் பழைய பருத்திச் சட்டையே போதும். அதற்கென்று கடையில் விற்கிற துணியை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

செயலாளர் அவர்களே, நடந்ததை எழுதித் தரும்படி உங்கள் விசாரணைக் குழு கேட்டிருக்கிறது. மூன்று பேர் நான்கு முறை கூடியும், பேரரசரின் இடது கை ஏன் இப்படி ஆனது என்று பிடிபடவில்லையாம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் கூட்டத்திலேயே காபி குடித்துவிட்டுக் கலைந்திருக்கலாம்.

'தந்திப் பேரரசர்' என்பது உங்கள் இசைக் கலைஞர் சங்கம் அவருக்குக் கொடுத்த பட்டம். பட்டக் குழுவுக்கு அவரே தலைவர் என்பதால் போட்டி அவ்வளவு கடுமையாக இருக்கவில்லை.

பதினோரு வருடம் நான் அவருடைய குழுவில் இரண்டாவது கிட்டார் வாசித்தேன். பகலில் பழுதுபார்க்கும் கடை, மாலையில் மேடை. ஒரு கச்சேரியில் தாளத்தில் ஒரு தட்டு முந்திவிட்டேன். தவறு என்னுடையதுதான். அவர் கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார். மைக்கில் சொன்னார்: "மன்னிச்சிடுங்க. நம்ம ஆளு திருகாணி நல்லா திருகுவாரு. வாசிக்கிறதுலதான் கொஞ்சம் தகராறு."

அரங்கம் சிரித்தது. மூன்றாவது வரிசையில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது. எல்லாரும் சிரித்ததால் அவளும் சிரித்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது, "அப்பா, அந்த மாமா உன்னப் பத்தி சொன்னது ஜோக்குதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு நான் மேடை ஏறவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவருக்கோ அது நினைவிலேயே இல்லை. கிட்டாரை எப்போதும்போல என்னிடமே கொண்டுவந்தார்.

போன வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் வந்து, "என்னப்பா, கம்பி கல்லு மாதிரி இருக்கு. இருக்கிறதுலயே ஒசத்தியான கம்பி போட்டும் அமுங்க மாட்டேங்குது" என்றார்.

கம்பி கல்லாக இருந்தால் பத்துக்கு எட்டுப் பேர் கம்பியைத்தான் மாற்றுவார்கள். கோளாறு பெரும்பாலும் அதில் இருக்காது. கிட்டாரின் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைக் கால் சுற்றுத் திருகிக் கழுத்தின் வளைவை நிமிர்த்த வேண்டும். கீழே கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜைக் கொஞ்சம் இறக்க வேண்டும். முக்கியமாக, கழுத்தின் உச்சியில் கம்பிகள் படிந்து கிடக்கும் சின்ன வெள்ளைத் துண்டைப் பார்க்க வேண்டும். நட் என்போம். அதன் பள்ளங்கள் ஆழமாக இல்லாவிட்டால் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில் முதலாவதில், முதல் ஃபிரெட்டில், கம்பி மேலே தூக்கி நிற்கும். அழுத்துகிறவன் கை செத்துவிடும். மெல்லிய அரத்தால் ராவினால் சரியாகிவிடும். மொத்தம் நாற்பது நிமிட வேலை.

பேரரசருக்கு ஒரு பழக்கம் உண்டு. கிட்டாரைச் சோதித்துப் பார்க்கும்போது கழுத்தின் அடிப்பக்கத்தில், உடம்பை ஒட்டிய இடத்தில், ஒரே ஒரு வேகமான துண்டைத்தான் வாசிப்பார். கடையில் நிற்கிற நாலு பேர் வாயைப் பிளக்க வேண்டும், அவ்வளவுதான். நட்டை ஒட்டிய மேல் ஃபிரெட்டுகளைத் தொடவே மாட்டார். ஆனால் மேடையில் இரண்டு மணி நேரம் அங்கேதான் குடித்தனம்: ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகள்மேலும் குறுக்கே படுக்கவைத்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே அவர் சோதிக்கிற இடத்தில் மட்டும் கம்பி இலகுவாகும்படி பிரிட்ஜை இறக்கினேன். நட்டைக் கழற்றி, அடியில் ஒரு காகித அட்டைத் துண்டை வைத்து ஒட்டினேன். அவர் என் மேசையில் விட்டுப்போன விசிட்டிங் கார்டில் வெட்டியது. நல்ல தடிமனான கார்டு. பட்டம் பொன் எழுத்தில் இருந்தது. வாசித்துப் பார்த்தார். நாலு பேர் வாயைப் பிளந்தார்கள். "கை வெச்சா மன்னன்டா நீ" என்று முதுகில் தட்டினார்.

இரண்டு மாதத்தில் மணிக்கட்டு வலிக்கிறது என்று வந்தார். இன்னொரு துண்டு. ஆறு மாதத்தில் நான்கு துண்டுகள். நட் அவ்வளவு உயர்ந்தால் முதல் ஃபிரெட்டில் சுருதி ஏறும். சுருதி தெரிந்தவர் ஒரே நாளில் கண்டுபிடித்திருப்பார். அந்த அபாயம் எனக்கு இருக்கவில்லை.

"மாஸ்டர், கம்பி கனமா நின்னாத்தான் நாதமும் கனமா வரும். எல்லார் கையும் தாங்காது. உங்க கை தாங்கும்" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றார்.

அடுத்த வாரம் ஒரு பேட்டியில், வலிக்கிற கையில்தான் நாதம் பிறக்கும் என்று தன் சொந்தக் கண்டுபிடிப்பாக அறிவித்தார். அதற்கு அடுத்த வாரம் அவருடைய மாணவர்கள் ஆறு பேர் கிட்டாரோடு என் கடை வாசலில் நின்றார்கள். மாஸ்டருடையதைப் போலவே வேண்டுமாம். செய்து கொடுத்தேன். அதில் ஒரு பெண்ணுக்கு இப்போது அம்மாதான் சடை பின்னிவிடுகிறாள் என்று கேள்விப்பட்டேன். குழு அவர்களைப் பற்றிக் கேட்கவில்லை. கடிதம் நீளக் கூடாது என்று நானும் விட்டுவிடுகிறேன்.

பேரரசர் ஊசி போட்டுக்கொண்டு ஒரு பருவம் முழுக்க வாசித்தார். டாக்டர் அதிகப் பயிற்சி என்றார். அதைக் கேட்டு எல்லாரையும்விட ஆச்சரியப்பட்டவர் பேரரசராகத்தான் இருக்க வேண்டும். அறுவைசிகிச்சைக்குப் பிறகும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கவில்லை. இனி மடங்காது.

ஆம், செய்தது நான்தான். தெரிந்துதான் செய்தேன்.

போன மாதம் கையில் கட்டோடு கடைக்கு வந்தார். கிட்டாரை மேசைமேல் வைத்து, "இனிமே எனக்கு எதுக்குப்பா? நீயே வெச்சுக்க. என் கையப் புரிஞ்சுக்கிட்டவன் நீ ஒருத்தன்தான்" என்றார்.

"கொஞ்சம் உக்காருங்க மாஸ்டர்" என்றேன்.

அவர் கண்ணெதிரிலேயே வேலையை ஆரம்பித்தேன். கழுத்தை நிமிர்த்தினேன், மெல்லிய கம்பி மாட்டினேன், அட்டைகளைச் சுரண்டி எடுத்து வரிசையாக மேசைமேல் வைத்தேன், பள்ளங்களை ராவினேன். சரியாக நாற்பது நிமிடம். பிறகு அவர் மடியில் வைத்து, இடது கையைப் பிடித்து முதல் ஃபிரெட்டில் வைத்தேன். ஊதினாலே அமுங்குகிற கம்பி. விரல்கள் அதன்மேல் விறைப்பாகக் கிடந்தன.

அவர் அட்டைத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையால் ஒன்றைத் திருப்பிப் பொன் எழுத்தைப் பார்த்துவிட்டு, "இத அன்னைக்கே பண்ணியிருக்கலாமே" என்றார்.

"பண்ணியிருக்கலாம் மாஸ்டர்" என்றேன்.

இதைப் பழிவாங்கல் என்று குழு எழுதிவிடக் கூடாது. கம்பி இலகுவாக வேண்டும் என்று கேட்டு வந்தார். கேட்ட வேலையை முடித்துக் கொடுக்காமல் நான் யாரையும் அனுப்பியதில்லை.