மாத்திரைப் பதிவேடுகளை நான் எடுத்துச் சென்ற விவரம்

விசாரிக்கப்பட்டவர்: சலவை ஆலையின் இஸ்திரிப் பிரிவுத் தொழிலாளி. ஆலையில் அழைக்கும் பெயர் ‘ஸ்டீம் அக்கா’. வயது 46. கணவர் பேருந்து நடத்துநர். விலாசம்: ஆலைக்குப் பின்தெரு, கதவு எண் 14, மாடி. அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது:

நான் மேற்படி விலாசத்தில் கணவருடனும் அவருடைய தங்கையான என் நாத்தனாருடனும் குடியிருந்து வருகிறேன். ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் ஆலையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். நான் தேய்த்த விரிப்பு ஒன்றுகூட மடிப்புக் கோணல் என்று திரும்பி வந்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளும்படி நானே கேட்டுக்கொண்டேன்.

நாத்தனாருக்கு எனக்கு அடுத்த மேசை. நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை என்பதால் அவளுக்கு இடுப்புவலி உண்டு. முதலுதவி அறையில் கம்பவுண்டர் உறை பிரித்த மாத்திரைகளை உள்ளங்கையில் தட்டிக் கொடுத்துவிட்டு, வாங்கியவரின் டோக்கன் நம்பரைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். அவள் தினம் இரண்டு வாங்கிப் போட்டுக்கொள்வாள். ஒரு ஷிப்டுக்குக் கழிப்பறைக்கு ஒரு தடவைதான் விடுவார்கள் என்பதால், அந்தச் சூட்டிலும் தண்ணீர் குடிக்கமாட்டாள்.

இந்த வருடத் தொடக்கத்தில் காலையில் எழுந்தால் அவள் கண்ணிமைகள் வீங்கியிருந்தன. அழுதாயா என்று கேட்டேன், இல்லை என்றாள். அதன் பிறகு பாதமும் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் போகாமல் நின்றது. அதன் பிறகு உடம்பெல்லாம் அரிப்பு வந்து, சாப்பாடு இரும்பை நக்குவதுபோல் இருக்கிறது என்று தட்டைத் தள்ளினாள். சிறுநீர் நுரைத்துப் போவதாக என்னிடம் மட்டும் சொன்னாள். "நாளெல்லாம் சோப்புக்கு நடுவுல இருக்கோம்ல அண்ணி, அதான் போல" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு லீவு போட்டு அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ரத்த அழுத்தம் நூற்றெண்பது இருந்தது. ரத்தத்தில் கிரியாட்டினின் ஒன்றை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருந்தது. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கித் தெரிந்தன. சுருங்கியிருப்பதால் இது நேற்று இன்று வந்ததல்ல, வருடக்கணக்காக உள்ளுக்குள் நடந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். சர்க்கரை நோய் இல்லை, குடும்பத்தில் வேறு யாருக்கும் சிறுநீரக நோய் இல்லை என்று தெரிந்த பிறகு, வலி மாத்திரை உண்டா, எது, எத்தனை வருடம் என்று கேட்டார். வெள்ளை மாத்திரை என்பதற்கு மேல் எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

கம்பவுண்டரை மூன்று முறை கேட்டேன். "அதெல்லாம் ஆபீஸ் விஷயம்மா, போய் வேலையப் பாருங்க" என்றார். மேலாளருக்கு மனு கொடுத்தேன், பதில் இல்லை. ஆகவே சென்ற பன்னிரண்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு, எல்லோரும் பார்க்க முதலுதவி அறைக்குள் போய், ஐந்து பதிவேடுகளையும் தலையணை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பூட்டு எதையும் உடைக்கவில்லை. வாசல் காவலாளி கேட்டபோது என்னவென்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் பார்த்தார். மாத்திரையின் பெயரும் எட்டு வருடத் தேதிகளும் அதில் இருந்தன. மாத்திரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்தே கெடுத்திருக்க வேண்டும் என்றார். தினம் வாங்கிய இன்னும் பதினொரு டோக்கன் நம்பர்களைத் தனியாகக் குறித்து, இவர்களையும் அழைத்து வர முடியுமா என்று கேட்டார். பதிவேடுகளை மறுநாளே மேலாளர் மேசையில் வைத்துவிட்டேன். அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேரையும் நானே கூட்டிப் போனேன். இரண்டு பேருக்குத் தொடக்க நிலையில் நோய் தெரிந்தது. மாத்திரையை நிறுத்தி, அழுத்தத்தை அடக்கினால் பல வருடம் தாங்கும் என்றார்கள்.

நாத்தனாருக்கு டயாலிசிஸ் செய்வதற்காகக் கையில் ஆபரேஷன் நடந்திருக்கிறது. பதிவேடுகளை எடுத்ததற்காக ஆலையிலிருந்து என்மேல் இந்தப் புகார் வந்ததும் அவள், "ஸ்டேஷனுக்குத் தலைகுனிஞ்சு போகாதீங்க அண்ணி" என்றாள். அப்படிப் போகும் எண்ணம் எனக்கும் இல்லை.

மேற்கண்டதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, ஒரு வார்த்தை தவிர. பதிவேடுகளைத் ‘திருடினேன்’ என்று எழுதியிருந்ததை அடித்து ‘எடுத்தேன்’ என்று மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். அந்தத் திருத்தத்துக்குப் பக்கத்திலும், இங்கே கீழேயும், என் முழுக் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)