ஜப்பான் பாஷை தெரியாத டீச்சர்

— சிரிச்சதுக்கா வேலை போயிடும்? என்ன சொல்ற சம்ரீன்?

— சிரிச்சதுக்கில்லைங்க. பசங்க ஜப்பான் பாஷையில பேசிக்கிட்டது எனக்குப் புரிஞ்சுதுன்னு காட்டிக் கொடுத்துட்டேனே, அதுக்கு. இங்கிலீஷ் மட்டுந்தான் பேசணும், ஜப்பான் பாஷை தெரியாத மாதிரியே இருக்கணும்னு சொல்லித்தானே ஆன்லைன் கிளாஸ்ல இங்கிலீஷ் டீச்சரா சேர்த்தாங்க.

— தெரிஞ்சா என்னவாம்?

— அப்புறம் அந்த ஜப்பான் காலேஜ் பசங்க இங்கிலீஷ்ல வாயே திறக்க மாட்டாங்களாம்.

— இப்ப மட்டும் திறந்து கொட்டுறானுங்களாக்கும்!

— எங்க! எஸ், நோ, அவ்வளவுதான். ஆனா மைக்க அணைக்காம தங்களுக்குள்ள பேசிக்குவாங்க. ‘ரொம்ப வேகமாப் போறாங்க’ன்னு ஒருத்தன் முனகுவான், மறுநாள் மெதுவாப் போவேன். ‘நேத்துப் பாடம் புரியலை’ம்பா ஒருத்தி, திருப்பி நடத்துவேன். ஒட்டுக் கேட்டே ஓட்டிட்டேங்க.

— கெட்டிக்காரிதான். இன்னைக்கு எதுக்குச் சிரிச்ச?

— வேணாம், விடுங்க.

— அட, சொல்லு புள்ள. எடமலைப்பட்டி புதூர்ல சித்தாளுங்க வந்து நிப்பாங்க. கொத்தனார் நான் போகாம ஒரு கல்லு ஏறாது.

— குளிக்கும்போது பாடினீங்கல்ல? ‘டீச்சர் வீட்டு ஆடு எந்திரிச்சிருச்சு’ன்னான் யூத்தோன்னு ஒரு பையன்.

— ஆடா? என்னையா?

— ‘பாவம், அதுக்குத் தழையாவது போடுங்க’ன்னா இன்னொருத்தி. அடக்க முடியலைங்க. கண்ணுல தண்ணி வர்ற மட்டும் சிரிச்சிட்டேன். அத்தனை பேரும் ஸ்கிரீன்ல என்னையே உத்துப் பார்த்தாங்க.

— கார் கம்பெனியில நீ ஜப்பான்காரனோட மல்லுக்கட்டிக் கத்துக்கிட்ட பாஷை, அதே உனக்கு உலை வைக்குதா? என் பாட்டுதான் சனியன்.

— ஒரு பையன் ஆபீஸுக்கு எழுதினாப் போதும், கிளாஸை வேற ஆளுக்கு மாத்திடுவாங்க. சம்பளத்த விடுங்க கலீம், அந்தப் பசங்கள விட மனசு வரலை.

— அந்தா, உன் போன் மினுக்குது.

— யா அல்லாஹ்... யூத்தோதான்.

— புகாரா?

— இருங்க. எல்லாருக்குமாச் சேர்த்து இங்கிலீஷ்லயே எழுதியிருக்கான்! நீளமா!

— அட, என்னன்னு சொல்லேன்!

— ‘ஆபீஸுக்கு யாரும் சொல்ல மாட்டோம் டீச்சர். உங்களுக்கு எங்க பாஷை புரியும்னு முதல் வாரமே தெரியும். புரியலைன்னு உங்ககிட்ட நேரா சொல்ல வெட்கம். உங்க காதுல விழட்டும்னுதான் மைக்க அணைக்காம பேசினோம்.’