பதினோராவது பேரு

தட்ட அந்த ஸ்டூலு மேல வையுங்க. பழம் உருண்டு வுழுந்துடப் போவுது. உக்காருங்க. நீங்க இன்னாத்துக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். உங்க பையன் வெற்றிச்செல்வனுக்கு எங்க பொண்ணு கோகிலவாணியக் கேக்க வந்திருக்கீங்க. நல்ல விஷயந்தான். ஆனா நான் வாயத் தொறந்து பதில் சொல்றதுக்கு முன்ன, உங்களுக்கும் எனக்கும் நடுவுல ஒரு குல்லா விவகாரம் இருக்குது. மூணு வருசமா இருக்குது. அது தீரணும்.

ஆமாங்க, குல்லா. தலையில போடறது. தெரியாதா? உங்களுக்கு எப்பிடித் தெரியும். சொல்றேன் இருங்க. எங்கூட்டுக்காரி தேவயானி டீ போட்டுக்கினு இருக்கா. அவ வந்துட்டா எனக்குப் பேச வராது, அதுக்குள்ள சொல்லிடறேன்.

இதுங்களா? பின்ற ஊசி. பாத்துச் சிரிக்கறதுன்னா சிரிச்சிக்குங்க, பழகிப்போச்சி. ஹாஸ்டல்ல நான் முப்பத்தோரு வருசம் சமையலு பாத்தது உங்களுக்குத் தெரியும். நூத்திப் பதினெட்டு புள்ளைங்க, நூத்திப் பதினெட்டு முட்டை. ஒண்ணு கொறஞ்சா எனக்குத் தூக்கம் வராது. ரிட்டயர் ஆவறதுக்கு ரெண்டு மாசம் இருக்கச்சொல்ல சாம்பார் அண்டாவோட வழுக்கி வுழுந்தேன். மணிக்கட்டு ஒடஞ்சிச்சி. திருப்பத்தூர் ஆஸ்பத்திரில கட்டுப் பிரிச்சி, கையில ஒரு ரப்பர் பந்தக் குடுத்து, தெனம் அமுக்குங்கன்னாங்க. வாசல்ல உக்காந்து ஒருத்தன் பந்து அமுக்கிக்கினு இருந்தா ஊரு இன்னா நெனைக்கும்? அங்க ஒரு நர்ஸம்மா பேரப்புள்ளைக்குக் குல்லா பின்னிக்கினு இருந்தாங்க. இதுவும் வெரலுக்கு அதே வேலதான் பெரியவரேன்னு கத்துக்குடுத்தாங்க. சரி, கவுரவமா இருக்குமேன்னு வந்தேன். பந்து அமுக்கறவனப் பாத்தா ஒரு தரம் சிரிச்சிட்டுப் போயிருப்பானுங்க. ஆம்பள குல்லா பின்றத டீக்கடை வரைக்கும் போய் ஆளு கூட்டியாந்து காட்டிச் சிரிச்சானுங்க.

வருசா வருசம் பொங்க அன்னிக்கு இந்த நோட்டுல எழுதுவேன், இந்த வருசம் இத்தினின்னு. மொத வருசம் முப்பதுன்னு எழுதினேன். முடிஞ்சது ஏழு. அதுல ரெண்டு, குல்லான்னு நான் சொன்னாத்தான் தெரியும். அடுத்த வருசம் இருபது, முடிஞ்சது எட்டு. அப்பால புத்தி வந்து பதினொண்ணுன்னு வெச்சேன். பதினொண்ணுன்னா பதினொண்ணு. ஒரு குல்லாவுக்கு எம்பத்தெட்டு கண்ணி. கடசில எண்ணிப் பாத்து எம்பத்தேழு இருந்தா மொத்தத்தையும் பிரிச்சிடுவேன். போடறவன் எண்ணியா பாக்கப் போறான்னு தேவயானி திட்டுவா. அவன் எண்ண மாட்டான். எனக்குத் தெரியுமே.

பின்றது சுலுவுங்க. யாருக்குக் குடுக்கறதுன்னு முடிவு பண்றதுலதான் உயிரு போவுது. வருசத்துக்குப் பதினோரு பேரு, ஊருல எத்தினி தலை இருக்குது! அதனால ஒரு மொறை வெச்சிருக்கேன். கேட்டவனுக்குக் கெடையாது. ரேஷன் கடை ரஞ்சித்து இருக்கான் இல்ல, எனக்கு ஒண்ணு போடுங்க பெரியவரேன்னு மூணு தரம் கேட்டான். மூணு தரமும் அவன் பேர அடிச்சேன். அடிச்ச எடத்துல பேப்பரே கிழிஞ்சி போச்சி, பாருங்க. சிரிச்சவனுக்குக் குடுக்கலாம். சிரிக்கற தலைக்கும் மார்கழில குளிரத்தானே செய்யும். அப்பறம், ஒரு குளிர்காலம் முழுக்க ஆளப் பாக்கணும். கொடை இரவல் வாங்கினா காய வெச்சிக் குடுக்கறானா, ஈரத்தோட சுருட்டிக் குடுக்கறானான்னு பாப்பேன். ஈரத்தோட குடுத்தா அடுத்த வருசம் யோசிக்கலாம்.

இன்னொண்ணு, கையில குடுக்க மாட்டேன். கூச்சம். அவங்க நல்லாருக்குதும்பாங்க, அப்ப நான் எங்கப் பாக்கறது? காலையில எல்லாரும் கொல்லை வேலைக்குப் போனப்பறம் வேலில மாட்டிட்டு, திரும்பிக்கூடப் பாக்காம வந்துடுவேன்.

இப்ப உங்க விஷயத்துக்கு வர்றேன். மூணு வருசத்துக்கு முன்ன, நோட்டுல நாலாவது பேரு அர்ச்சுனன். நீங்கதான். எங்கூட்டு ஏணிய வாங்கிம்போய், சேறு தொடச்சிக் கொண்டாந்து குடுத்தீங்க. அதுக்குத்தான். செவப்பு ஊலு நூலு. உச்சில ஒரு குஞ்சம். அதுக்கு முன்னயும் பின்னயும் நான் யாருக்கும் குஞ்சம் வெச்சதில்ல. ஐப்பசி மாசம் உங்க வேலிப் படலுல மாட்டிட்டு வந்தேன். கொஞ்ச நாளு கழிச்சி, ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போற பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்திருக்கேன். உங்க சாமைக் கொல்லை நடுவுல குருவி வெரட்ட வைக்கோலு பொம்மை நட்டு வெச்சிருந்தீங்க. அது தலையில என் குல்லா. குஞ்சத்து மேல ஒரு காக்கா வேற உக்காந்திருக்குது!

அன்னிக்கு வூட்டுக்கு வந்து உங்க பேர அடிச்சேன். செவப்பு மையில. அப்ப இருந்து உங்களப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கினு போறேன். கவனிச்சீங்களா இல்லியா? கூச்சம்னு நெனச்சிட்டீங்களா? அது சரி. நான் மூணு வருசம் கோவமா இருந்துங்கூட ஒருத்தருக்கும் தெரியல.

இன்னா? சத்தமாச் சொல்லுங்க. நான் பின்னி யாருக்கோ குடுத்தத அவங்க தவறவுட்டுட்டாங்கன்னு நெனச்சீங்களா? எட்டு நாளு வேலி மேலயே வெச்சிருந்தீங்களா, தேடிக்கினு வருவாங்கன்னு? எல்லாரையும் கேட்டீங்களா? என்னக் கேக்கலியே. டீக்கடையிலயா? ஆமா, நானும் அன்னிக்கு அங்க இருந்தேன். குல்லாவத் தூக்கித் தூக்கிக் காட்டினீங்க. இது யார்துன்னா கேட்டீங்க? எனக்கு எங்கங்க காதுல வுழுந்துச்சி, நான் தலையக் குனிஞ்சிக்கினு இருந்தேன். பெருமையா ஊருக்கே காட்றாருன்னு நெனச்சி, சந்தோசத்துல ஒரு பன்னு சேத்துத் தின்னேனே!

அடக் கடவுளே. எம்பத்தெட்டு கண்ணிய எண்றவன், பேரெழுதி ஒரு துண்டுச் சீட்டு வெச்சிருக்கக் கூடாதா. இருங்க, பேனா எங்க. அடிச்ச பேரு மேல திரும்ப எழுதறேன். அர்ச்சுனன். சரியா? கோவமில்லியே? நல்லது.

ஆனா ஒண்ணு, அந்தக் குல்லா இப்ப பொம்மை தலையில இல்ல, தெரியுமா? காத்துல போச்சின்னு நெனச்சீங்களா? உங்க பையன் எடுத்துக்கினான். தொவச்சி, காய வெச்சி, குருவி கொத்தின ஓட்டையோட இந்த வாசல்ல வந்து நின்னான். மாமா, உங்க கைவேல மாதிரி இருக்குது, இந்த ஓட்டைய அடைக்க முடியுமான்னான். மாமான்னு கூப்புட்டப்பவே நான் உஷாராயிருக்கணும். ஓட்டை சுண்டுவெரலு அளவு. அஞ்சு நிமிச வேல. அதுக்குப் பதினாலு தரம் வந்தான். தேதியெல்லாம் இருக்குது, காட்டட்டுமா? மூணாவது தரத்துக்கு மேல குல்லாவையே கொண்டாரல.

பாத்துக்கினுதான் இருந்தேன். ரெண்டு குளிர்காலம் பாத்தேன். நடுவுல மழைக்கு எங்கூட்டுக் கொடைய வாங்கிம்போனான். காய வெச்சி, கம்பில இருந்த துருவையும் தேச்சிக் கொண்டாந்தான்.

பொண்ணக் கேட்டேனாவா? நேராக் கேக்க எனக்கு வாய் வருமா? தை மாசம் ஊலு வாங்கக் கெளம்பினப்ப, நீலமா பச்சையாம்மான்னேன், பொதுவா. அவருக்குப் பச்சைதாம்ப்பா புடிக்கும்னா. சொல்லிட்டு நாக்கக் கடிச்சிக்கினு உள்ள ஓடிட்டா. எவருக்குன்னு நான் கேக்கல. பச்சையே வாங்கியாந்தேன்.

இந்த வருசத்துப் பதினொண்ணுல பத்து முடிஞ்சிச்சி. பதினொண்ணுங்கற நம்பருக்குப் பக்கத்துல பேரு எழுதல, பாருங்க, காலியா இருக்குது. அது குல்லா இல்ல, ஸ்வெட்டரு. இதோ இந்தப் பைக்குள்ளதான் இருக்குது. முன்பக்கம் முடிஞ்சிச்சி, முதுகு முடிஞ்சிச்சி. கை ரெண்டும் ஆவணில இருந்து அப்பிடியே நிக்குது. கூப்புட்டு நிக்க வெச்சி அளந்தா விஷயம் வெளிய வந்துடுமே. நீங்களா வருவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன், ரொம்ப லேட் பண்ணிட்டீங்க. அப்பனும் புள்ளையும் ஒரே ஒசரம், ஒரே கைநீளம்னு தேவயானி சொல்றா.

தட்டு இருக்கட்டும், டீ குடிச்சிட்டு மாத்திக்கலாம். மொதல்ல கைய நீட்டுங்க சம்பந்தி. ஆட்டாதீங்க, எண்ணிக்கினு இருக்கேன்.