பதில் மட்டும் சொல்லாதீங்க

கதவோரம் உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி வாருங்கள். பயமுறுத்தவில்லை... கதை முடிந்ததும் நீங்களாகவே வருவீர்கள், அப்போது இடம் இருக்காது.

ராத்திரி பதினொன்றே முக்கால். திருப்புட்குழியிலிருந்து செவிலிமேட்டுக்கு வரும் உள்வழி. ஒரு பக்கம் ஏரிக்கரை, மறுபக்கம் வேர்க்கடலைக் கொல்லை. சாலையில் ஒரே ஒரு கார். காரில் ஒரே ஒருவர்... குமரகுரு. என்னோடு வேலை பார்க்கும் தேவேந்திரனுக்குச் சொந்தச் சித்தப்பா, பட்டுக்கடை வைத்திருப்பவர். பின் சீட்டில், போர்வையில் சுற்றிய ஒரு துப்பாக்கி. பக்கத்து சீட்டில் அன்று சாயங்காலம் அவருக்குப் போட்ட மாலையும் பொன்னாடையும்.

சிரித்துக்கொண்டே வர வேண்டிய மனிதர். கூனிக் குறுகி வந்துகொண்டிருந்தார்.

பழைய துப்பாக்கி சேர்ப்பதுதான் குமரகுருவுக்கு உயிர். இருபது வருஷமாகச் சேர்க்கிறார். ஜமீன் வீட்டு வேட்டைத் துப்பாக்கி, நவாப் காலத்துக் கைத்துப்பாக்கி என்று ஹாலில் ஒரு கண்ணாடி பீரோ நிறைய. ஒவ்வொன்றுக்கும் லைசென்ஸ் உண்டு. யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற காகிதமும் உண்டு. காகிதம் இல்லாததைப் பேரீச்சம்பழத்துக்குப் போடு என்பார். அவ்வளவு கறார். ஆனால் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்... அந்தக் காலத்தில் வெள்ளைக்காரனோடு நடந்த நம்ம பக்கத்துப் புள்ளலூர்ச் சண்டையில் சுட்டது ஏதாவது இருக்குதா? இல்லை என்று சொல்லிச் சொல்லி மனிதருக்கு வாய் கசந்துபோனது.

இரண்டு வருஷத்துக்கு முன் யாரோ சொல்லி, கூரம் கிராமத்தில் பொன்னி என்பவள் வீட்டுக்குப் போனார். பொன்னி கொல்லை வேலைக்குப் போகிறவள். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் மட்டும். பரணில் சாக்குக்குள் ஒரு நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, ரவையைப் போட்டு, துணியைத் திணித்து, கம்பியால் டக்... டக்... என்று இடித்துக் கெட்டிக்கிற ரகம். இடிக்கிற சத்தம் நின்றால் சுடத் தயார் என்று அர்த்தம். இடிக்கிற கம்பி மட்டும் காணோம். விலை கேட்டார். விற்கிற பொருள் இல்லை என்றுவிட்டாள்.

அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் போலீஸ் வரும், உன்னை உள்ளே வைத்தால் பெண்ணை யார் பார்ப்பது, கொடு, நானே ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுகிறேன் என்றார். பெண்ணை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கொடுத்துவிட்டாள். கார் வரைக்கும் பின்னாலேயே வந்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"யாரனா இன்னா கேட்டாலும்... பதில் மட்டும் சொல்லாதீங்க சார்."

போலீசைச் சொல்கிறாள் என்று நினைத்தார் குமரகுரு. எனக்கு இந்த இடத்தில்தான் அவர் மேல் கோபம் வரும். அந்த நிலைமையிலும் அவருக்காகக் கவலைப்பட்டவள் அவள்.

ஸ்டேஷனுக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போனார். பழைய பத்திரத் தாள் ஒன்றில் காப்பி டிகாஷன் தெளித்துக் காயவைத்து, புள்ளலூர்ச் சண்டைக் களத்தில் தன் முப்பாட்டனாருக்குப் பாட்டனார் கண்டெடுத்தது என்று எழுதினார். அந்தக் கதையைச் சொல்லியே லைசென்ஸும் வாங்கினார். அந்த ரகத் துப்பாக்கி, சண்டை முடிந்து பல வருஷம் கழித்து வந்தது. அது ஊரில் யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும்.

நான் முதலில் சொன்ன ராத்திரி இருக்கிறதே, அன்று சாயங்காலம் திருப்புட்குழிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி, வந்தவர்களுக்கு விருந்து. நடுநாயகமாக இந்தத் துப்பாக்கி, கீழே அந்தக் காகிதம். மாலை, பொன்னாடை, கைதட்டல். தேவேந்திரன் வழக்கம்போல் வாய்த்துடுக்காக, "எங்கேருந்து சித்தப்பா சுட்டீங்க இத?" என்று கேட்டான். விளையாட்டுக்குத்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குமரகுருவும் சிரித்துக்கொண்டே திரும்பினார்... பந்தியில் எச்சில் இலை எடுக்கும் கூடையோடு பொன்னி நின்றுகொண்டிருந்தாள்.

துப்பாக்கியைப் பார்த்தாள். காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவர் கழுத்து மாலையைப் பார்த்தாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மேடையில் பெயரைக் கூப்பிட்டார்கள்... போய் உட்கார்ந்துவிட்டார்.

அதனால்தான் அந்த ராத்திரி அப்படி வந்துகொண்டிருந்தார். ஏரிக்கரை தாண்டும்போது காருக்குள் ஒரு வாசனை. தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் அடிக்குமே, அந்தக் கந்தக வாசனை. கண்ணாடியை இறக்கினார். வெளியே ஈர மண் வாசனை மட்டும்தான். கந்தகம் காருக்குள்ளேதான் இருந்தது.

பின் சீட்டிலிருந்து ஒரு குரல். ஆண் குரல். கோபம் இல்லை... களைப்பு.

"யாருபா சுட்டது?"

பிரேக்கை மிதித்தார். திரும்பினார். போர்வை... துப்பாக்கி. வேறு யாரும் இல்லை. சாயங்காலத்துச் சிரிப்பு காதில் கேட்டது, பொன்னியின் முகம் கண்ணில் நின்றது. தன் மனசுதான் பேசுகிறது என்று நினைத்தார். காரை எடுத்தார். கொஞ்ச தூரம்... மறுபடி, இந்தத் தடவை பிடரிக்குப் பக்கத்தில். மூச்சு படவில்லை. ஈரம் பட்டது.

"சொல்லுபா. யாரு சுட்டது?"

காரை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், குழந்தை மாதிரி. வெளிச்சத்தில், ஊர் நடுவில் வராத வார்த்தை அந்த இருட்டில் வந்துவிட்டது.

"நான்தாம்பா. நான்தான் சுட்டேன்."

அப்புறம் ஒரு பெருமூச்சு... ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டிருந்த மூட்டையை இறக்கி வைத்தவர் விடுவது போல.

"சரிபா" என்றது குரல்.

விடிந்ததும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கூரத்துக்கு ஓடினார். பொன்னி காலில் விழாத குறை. ஏமாற்றியது, காகிதம் எழுதியது, எல்லாவற்றையும் சொல்லி அழுதார். அவள் கல் மாதிரி நின்று கேட்டாள். ராத்திரி நடந்ததைச் சொன்னபோதுதான் முகம் மாறியது.

"பதில் சொன்னீங்களா?"

அப்போதுதான் அவளும் விஷயத்தைச் சொன்னாள். அறுபது வருஷத்துக்கு முன்னால் பன்றி விரட்ட அவள் மாமனார் வீட்டு ஆண்கள் ஐந்து பேர் கடலைக் கொல்லைக்குப் போனார்கள். இருட்டில் ஒரே துப்பாக்கி கை மாறிக்கொண்டிருந்தது. ஒரு வெடிச் சத்தம். விழுந்தவர் அர்ஜுனன், மாமனாரின் தம்பி. முதுகில் பட்டது. விடியும் வரை உயிர் இருந்தது. யாருபா சுட்டது, யாருபா சுட்டது என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். மிச்சம் நான்கு பேரும் வாயைத் திறக்கவில்லை. தாங்கள் சாகும் வரை திறக்கவில்லை. அர்ஜுனன் செத்த பிறகும் அந்தக் கேள்வி அந்த வீட்டில் வந்துகொண்டுதான் இருந்தது. கேட்டால் பதில் பேசாமல் புரண்டு படுத்துக்கொள்வார்கள்.

குமரகுரு துப்பாக்கியை நீட்டினார். அவள் வாங்கவில்லை. பெண்ணை உள்ளே அனுப்பிவிட்டுக் கதவை ஒருக்களித்து நின்றாள்.

"பகல்ல எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா அது வெறும் திருட்டு சார். நீங்க அவருகிட்ட போயி சொல்லிக்கினு வந்திருக்கீங்க."

இது நடந்து ஒரு மாசம் ஆகிறது. கேள்வி நின்றுவிட்டது. வேறொன்று ஆரம்பித்தது. தினமும் அதே பதினொன்றே முக்காலுக்கு, பூட்டிய கண்ணாடி பீரோவுக்குள்ளிருந்து... டக்... டக்... டக்... அவர் மனைவி சங்கீதாவும் கேட்டிருக்கிறார். இடிக்கிற கம்பிதான் இல்லையே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, சுவரில் முதுகை ஒட்டியபடியே விடிய விடிய உட்கார்ந்திருப்பாராம் குமரகுரு.

இன்று மத்தியானம் தேவேந்திரன் போன் செய்தான்.

நேற்று ராத்திரி இடிக்கிற சத்தம் கேட்கவில்லையாம்.