வாசிக்க வேண்டிய அறிவிப்பு

— அந்தத் தாளைக் கொடுடா, கிழிச்சுப் போடுறேன்.

— முடியாதுக்கா. முதல் பாட்டு முடிஞ்சதும் வாசிக்கணும். சபைக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

— பின்னால ஹால்ல ஊசி மருந்து ஐஸ் பெட்டியை வெச்சுக்கிட்டு, நானும் ரெண்டு நர்ஸும் கொக்கு மாதிரி காத்துக்கிட்டிருக்கோம். நீ இங்க அங்கியை மாட்டிக்கிட்டு, ‘ரூபெல்லா ஊசி போடாதீங்க’ன்னு சொல்லப் போறே. நல்லா இருக்குடா போதகரே, உன் ஊழியம்!

— எல்லா ஊசியையுமா வேண்டாங்கிறேன்? இது ஒண்ணுதான். இந்த ஊசிக்கான கிருமியை எதுல வளர்த்தாங்கன்னு உனக்கே தெரியும். கலைச்ச கருவுல இருந்து எடுத்த செல்லுல.

— அது அறுபது வருஷத்துக்கு முன்னாடி. ஊசிக்காகவும் கலைக்கலை.

— திருடின கல்லுல கோயில் கட்டிட்டு, திருடி அறுபது வருஷம் ஆச்சேன்னு சொன்னா விட்டுடுவியா? அந்தப் பிள்ளைக்கு ஒரு பேரு கூட இல்லைக்கா. மனசாட்சி உறுத்துது.

— எனக்கு மட்டும் இனிக்குதா? ஊசியில மருந்தை எடுக்கிறப்பல்லாம் அந்தப் பிள்ளையை நினைச்சுக்கிறேன். வேற வழியில செஞ்சு குடுங்கன்னு கம்பெனிக்கு எழுது, முதல் கையெழுத்து நான் போடுறேன். அது வர்ற வரைக்கும் உயிரோட இருக்கிறதுங்களை என்ன பண்றது? உங்க திருச்சபைப் பெரியவங்களே போட்டுக்கலாம்னு சொல்லிட்டாங்க இல்ல?

— எல்லாரும் சொல்லலை. அதுவும் எதுக்கு? லேசா ஒரு காய்ச்சல், உடம்புல சிவப்புப் புள்ளி. மூணு நாள்ல வந்துட்டுப் போயிடும்.

— பிள்ளைக்கு வந்துட்டுப் போயிடும்டா. பக்கத்துல மாசமா இருக்கிறவளுக்கு ஒட்டிக்கிச்சுன்னா, வயித்துல இருக்கிறதை விடாது. கண்ணு, இதயம், காது, எதையாவது எடுத்துக்கும். கருவுக்காகத்தானே இவ்வளவு வாதாடுறே? இந்த ஊசியும் அதுக்குத்தான்.

— பாட்டு ஆரம்பிச்சுட்டாங்க. நான் போகணும்.

— போ. முதல் வரிசையில நம்ம தம்பி உட்கார்ந்திருக்கான். அந்தப் பாட்டுல ஒரு எழுத்தாவது அவன் காதுல விழுமா?

— அவனை எதுக்கு இழுக்கிறே? பிறவியிலேயே அப்படி. கர்த்தருடைய சித்தம்னு அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்காங்க!

— உன் முன்னாடி அப்படித்தான் சொல்லுவா. அவன் வயித்துல மூணு மாசம், அவளுக்கு உடம்பெல்லாம் செவசெவன்னு ஆயிடுச்சு. எனக்கு அப்போ ஒன்பது வயசு. நல்லா ஞாபகம் இருக்கு.

— அம்மாவுக்கு ரூபெல்லாவா? என்கிட்ட யாரும் மூச்சு விட்டதில்லையே!

— கதவை விடு. நான் ஹாலுக்குப் போறேன். நீ என்ன வேணா வாசிச்சுக்கோ.

— ஏன்க்கா மறைச்சீங்க?

— அவளுக்கு வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி உனக்கு வந்துச்சுடா. நாலு வயசு உனக்கு. மூணு நாளும் அவ இடுப்பை விட்டு இறங்கவே இல்லை நீ.