டாக்டரின் சொந்த ரத்தம்

—மணி பத்து இருபது. பதினோரு மணிக்கு எனக்கு ஆபரேஷன் இருக்கு. வந்த விஷயத்தைச் சட்டுனு சொல்லுக்கா.

—பல் கட்டறதுக்குப் பேரு ஆபரேஷனா?

—தாடை எலும்புல துளை போட்டு ஸ்க்ரூ இறக்கறேன். உன்னை மாதிரி கண்ணாடித் துண்டுல ரத்தத்தைத் தடவி, நாள் பூரா குனிஞ்சு பாத்துட்டு இருக்கற வேலை இல்ல.

—லேப்ல குனிஞ்சு பாத்ததைச் சொல்லத்தான் லீவு போட்டு வந்திருக்கேன்.

—நேத்து உன் லேபுக்கு அனுப்பின என் ரத்தம் நல்லாயிருக்குன்னு ஒரு வரி எழுதிக் குடு. போதும். ரத்தம் சுத்தற மெஷினை எனக்கு வித்தவன் மூஞ்சில விட்டெறியணும். நேத்து மூணு ஜூனியர் டாக்டருங்க முன்னாடி மானம் போச்சு.

—கேள்விப்பட்டேன். சொந்த ரத்தத்தை எடுத்தே செஞ்சு காட்டறேன்னு சட்டைக் கையை மடிச்சியாமே.

—பின்னே? மெஷின்ல சுத்தினா நடுவுல மஞ்சளா ஒரு கட்டி வரும். பிளேட்லெட் எல்லாம் அதுலதான் சேரும். பல்லைப் பிடுங்கின குழில அதை வச்சா புண்ணு சீக்கிரம் ஆறும். எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கேன்! நேத்து என் ரத்தத்துல வந்தது கட்டியே இல்ல. இடுக்கில எடுத்தா நனைஞ்ச காகிதம் மாதிரி கிழியுது. மெஷின் ஓட்டை.

—அப்போ வாசல் போர்டைத் திருத்திடு. 'உங்கள் ரத்தமே உங்கள் மருந்து.' பல்லுல ஆரம்பிச்சே. தலைமுடிக்குப் போனே. இப்போ முழங்காலுக்கும் உண்டாம். இன்னும் ரெண்டு மாசத்துல செருப்புக் கடிக்கும் ஊசி போடுவே.

—முழங்காலுக்கு வேற டாக்டர் வர்றார். உனக்குப் பொறாமை. ரிப்போர்ட்டைக் குடு.

—இந்தா.

—என்ன இது? பிளேட்லெட் எழுபதாயிரமா? எவன் ரத்தத்தையோ மாத்திட்டீங்க. உங்க லேப் லட்சணம் அப்படி.

—குறைஞ்சது ஒன்றரை லட்சம் இருக்கணும். நானும் நம்பல. ஸ்லைடு போட்டு நானே எண்ணினேன். ரெண்டு தடவை. சிவப்பணு ஒவ்வொண்ணும் உப்பிப்போய்க் கிடக்கு. வெள்ளையணுவோட கரு சாதாரணமா மூணு நாலு துண்டா இருக்கும். உனக்கு ஆறு, ஏழு. பி12 விட்டமின் கிடைக்காதவன் ரத்தம் இப்படித்தான் இருக்கும்.

—மாட்டினியா? ரெண்டு மாசமா வாராவாரம் நானே பி12 ஊசி போட்டுக்கறேன். போய் வேற யார் ரிப்போர்ட்டுன்னு தேடு.

—நீ எதுக்கு அந்த ஊசி போட்டுக்கறே?

—சும்மா. களைப்பா இருந்துச்சு.

—களைப்புக்கா, விரல் மரத்துப் போனதுக்கா?

—விரலைப் பத்தி உனக்கு யார் சொன்னது? நர்ஸா? அவளுக்கு வாய் நீளம்.

—அவ ஒண்ணும் சொல்லல. இப்போ நீதான் சொன்னே.

—அக்கா, இங்க டாக்டர் நானா நீயா?

—நீதான். சந்தேகமே வேண்டாம். வாசல்ல ஒண்ணு, மாடிப்படில ஒண்ணு, கக்கூஸ் கதவுல ஒண்ணு, மூணு இடத்துல எழுதி வச்சிருக்கே. அப்போ டாக்டர் கிட்டயே கேக்கறேன். ஊசி போட்டும் ரத்தம் இப்படி இருக்குன்னா, உள்ள போற விட்டமினை எது கெடுக்குது?

—தெரியல.

—குழந்தைங்க அழாம இருக்க மூக்குல வைப்பியே, சிரிப்பு வாயு. அது கெடுக்கும். காலேஜ்ல படிச்சிருப்பே. அன்னிக்கு லீவு போட்டியோ என்னவோ.

—அது குழந்தைங்களுக்கு.

—இந்த மாசம் எத்தனை குழந்தைங்க வந்தாங்க?

—எட்டோ பத்தோ.

—பின்பக்கம் காலி சிலிண்டர் ஏழு நிக்குது. வந்தது குழந்தைங்களா, யானைக்குட்டிங்களா?

—லீக்கு. ஆள் வரச் சொல்லியிருக்கேன்.

—லீக்கு வந்து உன் மூக்கைச் சுத்தி வட்டம் போட்டுட்டுப் போச்சா? காலைலேருந்து ஒரு பேஷன்ட் இல்ல. மாஸ்க் வச்ச தடம் இன்னும் சிவப்பா இருக்கு.

—சத்தம் போடாதே. பதினோரு மணி ஆபரேஷனுக்கு ஒரு டீச்சர் வெளிய வந்து உக்காந்திருப்பாங்க.

—எப்பலேருந்து இந்த வாயுப் பழக்கம்?

—போன வருஷம். முதல்ல அஞ்சு நிமிஷம்தான். ஒரு நாள் வேலை முடிஞ்சு சும்மா இருந்தேன். காரணம் கேக்காதே.

—கேக்கல. நான் ஸ்லைடு பாக்கறவ. காரணம் அதுல தெரியாது. இன்னும் ஆறு மாசம் இப்படியே போனா நீ நடக்கறதே கஷ்டம், அதான் தெரியும். இப்போ நிறுத்தினா ரத்தம் தேறிடும். நரம்பும் பெரும்பாலும் திரும்பும்.

—நிறுத்தறேன். நாளைலேருந்து.

—டீச்சருக்கு என்ன செய்யப் போறே?

—கீழ்த்தாடைல ரெண்டு ஸ்க்ரூ.

—அந்த எலும்புக்குள்ள நரம்பு ஓடுது. ரெண்டு மில்லிமீட்டர் கூட இறங்கினா கீழுதடு செத்துடும். நாற்பது பிள்ளைங்க முன்னாடி நின்னு பேசறவங்க அவங்க. இன்னிக்கு வேண்டாம்னு அனுப்பு.

—எனக்குப் பாடம் எடுக்காதே. பதினாறு வருஷம். எலும்பு எங்க கெட்டி, எங்க இளக்கம்னு என் விரலுக்குத் தெரியும். எக்ஸ்ரேயே தேவையில்ல.

—அவ்வளவு கெட்டிக்கார விரலா? சரி, கண்ணை மூடு. இந்தத் தட்டுல இருக்கற கருவியை ஒண்ணொண்ணா உன் கையில வைக்கறேன். பேரைச் சொல்லு. சரியாச் சொன்னா நான் வாயைத் திறக்காம போயிடறேன். தப்பாச் சொன்னா டீச்சர் வீட்டுக்கு, நீ என்னோட ஆஸ்பத்திரிக்கு.

—சர்க்கஸ் காட்டச் சொல்றே. மூடிட்டேன். வை.

—நில்லு. ஏன் இப்படி ஆடறே?

—தரை வழுக்குது.

—உக்காரு. அதான் பேஷன்ட் சேர் இருக்கே, அதுலயே உக்காரு. இது என்ன?

—கண்ணாடி. வாய்க்குள்ள விட்டுப் பாக்கற கண்ணாடி. போதுமா?

—விரலை மடக்கித் தூக்கிப் பாத்துட்டே. இது செல்லாது. விரலை நீட்டியே வை. நுனில வைப்பேன். மடக்கக் கூடாது, அசைக்கக் கூடாது.

—புதுசு புதுசா சட்டம் போடு. சின்ன வயசுலேருந்தே தோத்தா ஆட்டத்தை மாத்தறவதானே நீ. ம், வை.

—இப்போ சொல்லு.

—இடுக்கி. பஞ்சு எடுக்கற இடுக்கி. ரெண்டு காலும் தனித்தனியாத் தெரியுது. ஜில்லுன்னு இருக்கு. தோத்தியா? கிளம்பு. போறப்போ டீச்சரை உள்ள வரச் சொல்லிட்டுப் போ.

—தம்பி, தட்டைத்தான் ஆட்டினேன். உன் விரல்ல இன்னும் நான் எதையும் வைக்கல.