நூறு எண்ணும் வரை

இந்த நாற்காலியின் இடது பின்கால் ஆடுகிறது, ஐயா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆணி தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு சுத்தியல் இருந்தால் நானே சரிசெய்துவிடுவேன். என் கையில் சுத்தியல் தரமாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் எனக்குப் பிறகு இதில் உட்காருகிறவன் விழுந்து மண்டையை உடைத்துக்கொள்ளக் கூடாது அல்லவா. இருபத்தாறு வருடம் செய்த வேலை அப்படி. எதைப் பார்த்தாலும் எங்கே விட்டுப்போகும் என்றுதான் கண் தேடும்.

என் வேலை கயிறு பார்ப்பது. எங்கள் யார்டில் இரும்புத் தகடுகளைத் தூக்கி லாரியில் ஏற்றுவோம். தூக்குகிற இரும்புக் கயிறுகள் மொத்தம் முப்பத்துநான்கு, ஜோடி ஜோடியாக. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, பஞ்சை வைத்து நீவிக்கொண்டே போக வேண்டும். கம்பி அறுந்த இடத்தில் பஞ்சு மாட்டும். ஒரு சாண் நீளத்துக்குள் ஆறு கம்பிக்கு மேல் அறுந்திருந்தால் கயிறு குப்பைக்கு. ஒழுங்காகப் பார்த்தால் ஒரு கயிற்றுக்கு இருபது நிமிடம் ஆகும். பிறகு அந்தக் காலாண்டுக்கான நிறத்தைப் பூசிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

கையெழுத்துப் போட்டவன் முதல் பாரத்துக்கு அடியில் போய் நிற்க வேண்டும். நூறு எண்ணும் வரை.

இது சட்டத்தில் இல்லை. பாதுகாப்பு இன்ஜினீயர் காதில் விழுந்தால் எல்லோருக்கும் சீட்டுக் கிழியும். அதனால் அவர் சாப்பிடப் போன பிறகு செய்வோம். இரண்டு டன் தகடு தலைக்கு மேல் தொங்கும். எல்லோரும் சுற்றி நின்று சத்தமாக எண்ணுவார்கள். எனக்கு யார்டில் பூதக்கண்ணாடி என்று பெயர். நான் நிற்கும்போது கிண்டலுக்குக் குறைவிருக்காது. பெரும்பாலும் என் தம்பிதான் ஆரம்பிப்பான்.

"அண்ணே, முட்டி டான்ஸ் ஆடுது. அம்பதுக்கு மேல வேகமா எண்ணச் சொல்லட்டா?"

"வாய மூடிக்கிட்டு எண்ணுடா."

"வாய மூடிக்கிட்டு எப்படிண்ணே எண்றது?"

சிரித்தபடி நிற்பேன். என் கயிறு எனக்குத் தெரியும்.

அந்தச் சேமிப்பு நிறுவனத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது அதில் போட்டிருப்பார்கள். அதன் அலுவலகச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு சான்றிதழ் மாட்டியிருந்தது. நிதிக் கண்காணிப்பு ஆணையம் ஆய்வு செய்தது, நிறுவனம் உறுதியாக இருக்கிறது என்று. கீழே நீல மையில் கையெழுத்து. போடலாமா என்று தம்பி கேட்டபோது நான் அதைத்தான் காட்டினேன்.

"ஒரு ஆளு கையெழுத்து போட்டிருக்கான்டா. பாக்காமலா போட்டிருப்பான்?"

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததையெல்லாம் இருவரும் அங்கே கொண்டுபோய்க் கொட்டினோம்.

பிறகு எல்லாம் சரிந்தது. முதலில் வங்கி, அப்புறம் ஆலைகள், அப்புறம் நாங்கள் பணம் போட்ட அந்த நிறுவனம். யார்டில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்தவர்கள் இரண்டு ஆள் வேலையைச் செய்தோம். ஒருநாள், அடுத்த நாள் காலை நிறுவனத்தின் வாசலில் டோக்கன் கொடுப்பார்கள், முதல் முந்நூறு பேருக்கு மட்டும் போட்ட பணத்தில் ஏதாவது கிடைக்கும் என்று பேச்சு வந்தது.

அந்த அடுத்த நாள் காலாண்டின் கடைசி நாள். நான் விடியற்காலை நாலரைக்கு யார்டுக்குள் போய், கயிறுகளுக்குப் பச்சை பூசி, பதிவேட்டை முடித்து வைத்துவிட்டு, ஐந்தேகாலுக்கெல்லாம் வரிசையில் இருந்தேன். கிளம்பும்போது யார்டு வாசலில் தம்பி எதிரே வந்தான்.

"நீ போண்ணே, அங்க இடம் போயிடும். உனக்குப் பதிலா நான் நின்னுக்கிறேன்."

"நூறு எண்ணணும்டா."

"ரெண்டு ஷிப்ட் பாத்துட்டு வர்றேன். நின்னுக்கிட்டே தூங்கிருவேன். நூறு முடிஞ்சா எழுப்பச் சொல்றேன்."

அவன் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

மதியம் வரை வரிசை நகரவில்லை. டோக்கன் எதுவும் கிடையாது, வீட்டுக்குப் போங்கள் என்று காவலாளி வந்து சொன்னான். அவனும் எங்களைப் போல ஒரு கூலிக்காரன்தான். அவன் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தப் பார்த்தான். நான் அவன் கையைப் பிடித்துக் கதவின் இடுக்கில் வைத்துக் கதவை உதைத்தேன். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் போயின. உலர்ந்த குச்சி ஒடிகிற சத்தம்தான், பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அதற்காக இப்போது வருத்தப்படுகிறேன். அவன் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

ஏறக்குறைய அதே நேரத்தில்தான் யார்டில் கயிறு அறுந்தது. நாற்பத்தொன்று எண்ணியிருந்தார்களாம். ஜோடியில் ஒன்று அறுந்தால் தகடு நேராக விழாது, ஒரு பக்கம் சாய்ந்து விளிம்பால் இறங்கும். தம்பியின் தோளில் இறங்கி இடுப்பு வழியாக வெளியே வந்திருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவனை இரண்டு தார்ப்பாய்களில் வைத்திருந்தார்கள். எந்தத் தார்ப்பாயைப் பார்த்து அழுவது என்று தெரியாமல் அவன் மனைவி நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

அவன் செத்தது அந்த நிறுவனத்தால். அந்த நிறுவனம் உறுதியானது என்று எழுதிக் கொடுத்தவர்களால். அவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தால் நான் வரிசையில் நிற்க வேண்டியிருக்காது. கோடு நேராகத்தான் போகிறது, நீங்களே போட்டுப் பாருங்கள்.

எடுத்துப் புதைத்த மூன்றாம் நாள் தம்பி மனைவி என்னிடம் கேட்டாள்: "மாமா, அந்தக் கயித்த நீங்க பாத்தீங்கதானே?"

துக்கத்தில் இருப்பவர்கள் என்னென்னவோ கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள்.

சேமிப்பு நிறுவனம் மூழ்கியதைப் பற்றி விசாரணைக் குழு பதினொரு நாள் உட்கார்ந்தது. நான் பதினொரு நாளும் போனேன். கண்காணிப்பு ஆணையத்திலிருந்து ஆறு அதிகாரிகள் வந்தார்கள். ஆறு பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "எங்களிடம் கொடுக்கப்பட்ட காகிதங்களில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது." கடைசியில் "கண்காணிப்பில் குறைபாடு" என்று எழுதி, ஆறு பேரையும் முழு ஓய்வூதியத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். குறைபாடு. என் தம்பியை இரண்டு தார்ப்பாய்களில் கொண்டுபோனோம்.

ஆறு பேருக்கும் கடிதம் எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். யார்டுத் தொழிலாளர்கள் உங்கள் வாயால் விளக்கம் கேட்க விரும்புகிறோம், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றுக்கு வாருங்கள் என்று.

ஒருவர்தான் வந்தார்.

எத்தனையோ பேர் இருக்க ஏன் இவரை என்று நேற்று கேட்டீர்கள். வந்தவரைத்தானே நிறுத்த முடியும்?

ஒல்லியான மனிதர். பஸ்ஸில் வந்திருந்தார். கக்கத்தில் ஒரு ஃபைல். யார்டு காலியாக இருப்பதைப் பார்த்து வாசலிலேயே தயங்கினார்.

"மத்த தொழிலாளிங்க எல்லாம்?"

"வந்துக்கிட்டிருக்காங்க, சார். உங்க ஆளுங்க வரலையா?"

"வர மாட்டாங்கப்பா. வக்கீல் வேண்டாம்னுட்டார். என்னையும்தான் போகாதேன்னார்."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "வீட்ல இருக்க முடியல. பொண்ணு என்கூடப் பேசுறதில்ல. அவ வீட்டுக்காரரும் அதுலதான் போட்டிருந்தாரு." பிறகு ஃபைலைத் திறக்காமலே சொன்னார்: "நாப்பது கம்பெனி, நாங்க ஆறே பேரு. நான் பாக்கலப்பா. பாக்காமலேதான் கையெழுத்து போட்டேன். அங்க அதச் சொல்ல விடல. உங்ககிட்டயாவது சொல்லிடணும்னு வந்தேன்."

இதைக் கேட்டு என் மனம் இளகியிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். இளகவில்லை. உண்மையில் அதுவரை பாதி மனதாகத்தான் இருந்தேன். கயிறு முந்தின நாளே தயார், நான்தான் தயாராக இல்லை. ஒரு மனிதன் 'பாக்கல' என்கிற அந்த வார்த்தையை இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டு நிற்க முடியும் என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். நூறு எண்ணும் வரை நின்றுவிட்டால் கணக்குத் தீர்ந்தது, யாரும் உங்களை ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள் என்றேன். கொட்டகைக்குள் செயின் பிளாக்கில் தகடு தொங்கிக்கொண்டிருந்தது. கிரேன் தேவையில்லை, கைச்சங்கிலியை இழுத்தே ஒரு ஆள் ஏற்றி இறக்கலாம். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"கயிறு நல்லா இருக்கா?"

"நான் பாத்திருக்கேன், சார்."

"நீ பாத்தா சரிதான்."

ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு போய் நின்றார். நான் எண்ணத் தொடங்கினேன். இருபதில் அவர் லேசாகச் சிரித்தார். "ஹெட்மாஸ்டர் பெஞ்சு மேல ஏத்தி நிறுத்துவாரே, அந்த ஞாபகம் வருது" என்றார். நானும் சிரித்தேன்.

அது தம்பியைக் கொன்ற கயிற்றின் ஜோடி. இழவு முடிந்த பிறகு அதை எடுத்துவைத்து, மண்ணெண்ணெயில் கழுவி, பஞ்சால் நீவி, இருபது நிமிடம் முழுதாகப் பார்த்திருந்தேன். ஒரு சாணுக்குள் பதினொரு கம்பி அறுந்திருந்தது. துரு உள்நூல் வரை ஏறியிருந்தது. ஒரு வாரத்தில் வருகிற துரு இல்லை அது. சனிக்கிழமை அதில் இன்னும் கொஞ்சத்தை ஹாக்சா பிளேடால் அறுத்துவைத்தேன்.

எழுபத்திரண்டில் அறுந்தது. அறுந்தது என்று சொல்வது சரியில்லை. சங்கிலியை ஓர் உலுக்கு உலுக்கினேன்.

தகட்டின் விளிம்பு அவர் இடுப்புக்குக் கீழே இறங்கித் தரையோடு வைத்து அழுத்தியது. கால்கள் இரண்டும் அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம். உயிர் இருந்தது. விரல்கள் சிமெண்ட் தரையைப் பிறாண்டின. நகங்கள் பெயர்ந்து வந்தன. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண் என்னையே பார்த்தது. நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மீதி இருபத்தெட்டையும் எண்ணினேன். நிதானமாகவே எண்ணினேன். நூறு ஆன பிறகும் மூச்சு இருந்தது. அவர் நின்று முடித்துவிட்டார் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. எழுந்து சங்கிலியைத் தளர்த்தி, இன்னொரு கயிற்றில் மேலே தொங்கிய மறுபாதியையும் இறக்கினேன். மெதுவாக, ஒரு கை, ஒரு கையாக. விலா எலும்புகள் போவது சங்கிலி வழியாகக் கைக்குத் தெரியும். தலையோடு முடிந்தது.

கை கழுவினேன். தண்ணீர் குடித்தேன். யார்டு ஆபீஸிலிருந்து உங்களுக்குப் போன் செய்தது நான்தான். ஃபைலையும் திறந்து பார்த்தேன். கணக்கு எதுவும் இல்லை. எங்கள் யார்டில் பணம் போட்டவர்களுடைய பெயர்களைக் கையால் எழுதிவைத்திருந்தார். தம்பி பெயர் மூன்றாவது. பக்கத்தில், இவர் இறந்துவிட்டார் என்று சின்ன எழுத்தில்.

என்னை யாரும் ஏவவில்லை, யாரும் துணையில்லை. தெரிந்தே செய்தேன். மறுபடி செய்யச் சொன்னாலும் செய்வேன். ஒருவராவது அடியில் நிற்க வேண்டாமா, ஐயா?

எங்கள் யார்டுப் பதிவேட்டை எதற்கு என் முன்னால் விரித்து வைக்கிறீர்கள் என்று புரியவில்லை. பச்சை நிறக் காலாண்டு, கயிறு முப்பத்துநான்கு, எல்லாம் உறுதி என்று எழுதியிருக்கிறது. ஆமாம், என் கையெழுத்துதான். நாலரையிலிருந்து ஐந்தேகாலுக்குள் எத்தனை கயிறு பார்க்க முடியும் என்று கேட்கிறீர்கள். அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

வாக்குமூலம் தட்டச்சாகிவிட்டதா? கொடுங்கள். படித்துக்காட்ட வேண்டாம், நானும் படிக்க வேண்டியதில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் காட்டுங்கள்.